வயலில் புழு எண்ணிய கணக்கு, வானத்தில் கேலக்ஸியை அளந்தது எப்படி? யார் இந்த ஜெர்ஸி நெய்மன்?

ஒரு சின்ன சோதனை. கட்டம் போட்ட நோட்டுத் தாளை மேசையில் வையுங்கள். ஒரு பிடி கடுகை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு தாள் மீது தூவுங்கள். இப்போது கண்ணைத் திறந்து பாருங்கள். சில கட்டங்களில் ஐந்தாறு கடுகு சேர்ந்து கிடக்கும். சில கட்டங்கள் காலியாக இருக்கும்.

நீங்கள் வேண்டுமென்றே எதையும் கூட்டமாகப் போடவில்லை. ஆனாலும் கண்ணுக்குக் கூட்டம் தெரிகிறது. தற்செயல் என்பதன் குணமே அதுதான். அது எல்லா இடத்திலும் சமமாக நிரவிப் போடாது.

இப்போது கடுகுக்குப் பதில் கேலக்ஸிகளை வைத்துக்கொள்ளுங்கள். கோடிக்கணக்கான நட்சத்திரங்களைக் கொண்ட விண்மீன் மண்டலங்கள்தான் கேலக்ஸிகள். வானத்தைப் படம் பிடித்தால் அவை சில இடங்களில் நெருக்கமாகவும், சில இடங்களில் ஆளே இல்லாத தெரு மாதிரியும் தெரிகின்றன. இந்தக் கூட்டம் நிஜமா, இல்லை கடுகுத் தாளில் வந்தது போலக் கண் காட்டும் வேடிக்கையா?

1950-களில் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்த ஒருவர், வானியலாளர் கிடையாது. அவர் பெயர் ஜெர்ஸி நெய்மன். அலுவலகத்தில் 'ஏ/பி டெஸ்டிங்' செய்பவரா நீங்கள்? கருத்துக்கணிப்பில் '95 சதவீத நம்பிக்கை இடைவெளி' என்று படித்திருக்கிறீர்களா? அப்படியென்றால் அவருடைய கைவேலையை ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

கல்யாணமான சில நாளில் சிறை

நெய்மன் 1894 ஏப்ரல் 16 அன்று பெண்டெரி என்ற ஊரில் பிறந்தார். அன்று அது ரஷ்யப் பேரரசு. இன்று மால்டோவா பக்கம். குடும்பம் போலந்துக் குடும்பம். ஆனால் அப்போது உலக வரைபடத்தில் போலந்து என்றொரு நாடே இல்லை.

அப்பா வழக்கறிஞர். நெய்மனுக்கு 12 வயதாக இருக்கும்போது அவர் இறந்துபோக, குடும்பம் கார்கிவ் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. இன்றைய உக்ரைனில் இருக்கும் ஊர் அது. அங்கே பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கத்தான் போனார். ஆய்வுக்கூடத்தில் கை சரியாக ஓடவில்லை. கருவிகளோடு மல்லுக்கட்டி, கணிதத்துக்கு மாறிவிட்டார். நிகழ்தகவுக் கணிதத்தில் பெரிய பெயரான செர்கெய் பெர்ன்ஸ்டைன் அங்கே அவருக்கு ஆசிரியர்.

அடுத்து வந்தவை முதல் உலகப்போர், ரஷ்யப் புரட்சி, உள்நாட்டுப் போர். நடுவில் காசநோய். உடம்பு தேறுவதற்காகப் போன இடத்தில்தான் ஓல்காவைச் சந்தித்தார். அவர் ரஷ்யப் பெண், ஓவியர். 1920-இல் திருமணம். அடுத்த சில நாட்களிலேயே போலந்துக்காரர் என்ற காரணத்துக்காக நெய்மன் கைதானார். சோவியத் ரஷ்யாவும் புதிதாக உருவான போலந்தும் அப்போது போரில் இருந்தன. சில வாரங்கள் சிறை.

1921-இல் இரு நாடுகளும் ஆட்களைப் பரிமாறிக்கொண்டபோது அவர் போலந்து போய்ச் சேர்ந்தார். தன் சொந்த நாட்டை முதன்முதலில் பார்க்கும்போது அவருக்கு வயது 27.

வயல்தான் முதல் ஆய்வுக்கூடம்

போலந்தில் கிடைத்த வேலை, பிட்கோஷ்ச் என்ற ஊரில் இருந்த வேளாண் நிறுவனத்தில். நேற்று வரை உயர் கணிதம் படித்தவர், எந்த விதை அதிக மகசூல் தரும் என்று கணக்குப் போட ஆரம்பித்தார்.

ஆனால் அந்த வேலைதான் அவரைச் செதுக்கியது. ஒரு பாத்தியில் ஒரு ரகத்தை விதைத்தால், அதே பருவத்தில் அதே பாத்தியில் இன்னொரு ரகம் என்ன விளைச்சல் தந்திருக்கும் என்று பார்க்கவே முடியாது. பார்க்க முடியாத அந்த விளைச்சலையும் கணக்குக்குள் கொண்டுவருவது எப்படி என்று 1923-இல் ஒரு கட்டுரை எழுதினார். மருந்து வேலை செய்ததா, விளம்பரம் பலித்ததா என்று இன்று டேட்டா சயன்ஸில் கேட்கும் 'காரண - விளைவு' கணக்குகளுக்கு அது ஒரு வேர். போலிஷ் மொழியில் இருந்ததால் உலகம் அதைப் பல பத்தாண்டுகள் கவனிக்கவில்லை. 1990-இல்தான் அதன் முக்கியப் பகுதி ஆங்கிலத்தில் வந்தது.

பிறகு லண்டனுக்கும் பாரிசுக்கும் படிக்கப் போனார். லண்டனில் எகான் பியர்சன் என்ற நண்பர் கிடைத்தார். இருவரும் சேர்ந்து 1928 முதல் 1933 வரை எழுதிய கட்டுரைகள்தான் இன்றைய கருதுகோள் சோதனையின் அடித்தளம். தவறாக எச்சரிக்கை மணி அடிப்பது ஒரு வகைப் பிழை. அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்காமல் விடுவது இன்னொரு வகைப் பிழை. இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும் என்று சொன்னது அவர்கள்தான். 1937-இல் நம்பிக்கை இடைவெளிக்கான முழுக் கணிதத்தையும் நெய்மன் வெளியிட்டார்.

இங்கிலாந்தில் எல்லாம் சுமுகமாகப் போகவில்லை. அன்றைய புள்ளியியலின் மிகப்பெரிய ஆளுமை ரொனால்டு ஃபிஷர். அவருடைய வேளாண் சோதனை முறைகளில் ஒரு ஓட்டை இருப்பதாக 1935-இல் நெய்மன் ஒரு கூட்டத்தில் கட்டுரை வாசித்தார். உறவு முறிந்தது. அந்தப் பகை ஃபிஷர் 1962-இல் இறக்கும்வரை தீரவில்லை.

1938-இல் நெய்மன் அமெரிக்காவுக்குக் கிளம்பினார். கலிபோர்னியா பல்கலைக்கழகம், பெர்க்லி. அங்கே புள்ளியியலுக்கென்று ஓர் ஆய்வகத்தைக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாத நிலையிலிருந்து கட்டி எழுப்பினார். கடைசி வரை அதுதான் அவர் வீடு.

புழுக்கள் சொன்ன பாடம்

இப்போது கதையின் திருப்பம். இதில் வருவது பூச்சி.

பூச்சியியலாளர்கள் வயலைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை புழு இருக்கிறது என்று எண்ணுவார்கள். புழுக்கள் கடுகு மாதிரி தற்செயலாகச் சிதறியிருந்தால், எண்ணிக்கைகள் பாய்சான் பரவல் என்ற கணக்கில் அடங்க வேண்டும். அடங்கவில்லை. எதிர்பார்த்ததைவிடக் காலிக் கட்டங்கள் அதிகம். நிரம்பி வழியும் கட்டங்களும் அதிகம்.

ஏன் என்று யோசித்த நெய்மன், சூத்திரத்தை மாற்றிப் பார்ப்பதோடு நிற்கவில்லை. பூச்சி எப்படி வாழ்கிறது என்று பார்த்தார். தாய்ப்பூச்சி முட்டைகளை ஒவ்வொன்றாக வயல் முழுக்கத் தூவுவதில்லை. ஓரிடத்தில் கொத்தாக இடுகிறது. கொத்து விழும் இடம் தற்செயல். ஒரு கொத்தில் எத்தனை பிழைக்கும் என்பதும் தற்செயல். பொரித்த புழு கொஞ்ச தூரம்தான் ஊர்ந்து போகும். ஆக, ஓரிடத்தில் ஒரு புழு கண்ணில் பட்டால், அதன் உடன்பிறப்புகள் பக்கத்திலேயே இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்தக் கதையை அப்படியே கணிதமாக்கி 1939-இல் வெளியிட்டார். எண்ணிக்கைக்குப் பொருந்தும் சூத்திரம் எது என்று தேடுவதைவிட, அந்த எண்ணிக்கையை உண்டாக்கும் இயக்கம் எது என்று தேடு. நெய்மனின் வாழ்நாள் வேலையை இந்த ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

டெலஸ்கோப் கதவு திறக்காத பெண்

பெர்க்லியில் எலிசபெத் ஸ்காட் என்ற மாணவி வானியல் படித்துக்கொண்டிருந்தார். திறமை இருந்தது; ஆனால் காலம் சரியில்லை. அன்று உலகின் மிகப்பெரிய தொலைநோக்கிகள் இருந்த மவுன்ட் வில்சன் போன்ற இடங்களில் பெண்கள் தங்கள் பெயரில் நேரம் வாங்கி வானத்தைப் பார்க்க முடியாது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நெய்மனின் ஆய்வகத்தில் ராணுவக் கணக்குகளுக்காகச் சேர்ந்த ஸ்காட், 1949-இல் வானியலில் முனைவர் பட்டம் வாங்கினாலும் புள்ளியியலிலேயே நின்றுவிட்டார்.

வானியலுக்கு அது இழப்பு என்றுதான் தோன்றும். நடந்தது வேறு. வானமும் தெரிந்த, புள்ளியியலும் தெரிந்த ஒருவர் நெய்மனின் பக்கத்தில் இருந்தார். அதனால்தான் அடுத்த கதை சாத்தியமானது.

அதே கலிபோர்னியாவில், லிக் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்தவர் டொனால்டு ஷேன். 1947 முதல் 1954 வரை 20 அங்குலத் தொலைநோக்கியால் வானத்தின் பெரும்பகுதியைக் கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்தார்கள். உண்மையான நோக்கம் நட்சத்திரங்களின் நகர்வை அளப்பது. தொலைதூர கேலக்ஸிகள் நகராத பின்னணியாக மட்டும் தேவைப்பட்டன. ஆனால் படம் கையில் வந்தபிறகு, அந்தப் பின்னணியையே எண்ணினால் என்ன என்று ஷேனும் அவருடைய சகா கார்ல் விர்டானெனும் இறங்கிவிட்டார்கள்.

எப்படி எண்ணினார்கள்? தகட்டைக் கட்டங்களாகப் பிரித்து, பூதக்கண்ணாடி வழியே ஒவ்வொரு கட்டமாக, கையால். கட்டம் எவ்வளவு பெரியது? முழுநிலவின் முகத்தை மறைக்க சுமார் ஒன்பது கட்டம் போதும். அத்தனை சின்னது. ஒரு தகட்டுக்கு இப்படி 1,296 கட்டங்கள். தகடுகளோ 1,200-க்கும் மேல். மொத்தத்தில் சுமார் 10 லட்சம் கேலக்ஸிகள். முழு எண்ணிக்கையும் வெளியாக 1967 ஆகிவிட்டது.

கூட்டம் நிஜமா? இப்படித்தான் சோதித்தார்கள்

இங்கே கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், பத்தாம் வகுப்பு லெவல்தான்.

ஒரு தகட்டில் கட்டத்துக்குச் சராசரியாக 4 கேலக்ஸிகள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் கடுகு மாதிரி தற்செயல் என்றால், பாய்சான் கணக்குப்படி 1,296 கட்டங்களில் சுமார் 24 மட்டும் காலியாக இருக்க வேண்டும். அதோடு, எண்ணிக்கைகளின் விலக்க வர்க்கச் சராசரியும் சராசரிக்குச் சமமாக, அதாவது 4 ஆக இருக்க வேண்டும். அது 8, 10 என்று எகிறினால்? வெறும் தற்செயல் இல்லை, கூட்டம் இருக்கிறது என்று அர்த்தம்.

இது முதல் படி. அடுத்தது பக்கத்துக் கட்டம். ஒரு கட்டத்தில் எண்ணிக்கை அதிகமாக இருந்தால் ஒட்டியுள்ள கட்டத்திலும் அதிகமா? இரண்டு கட்டம் தள்ளி? ஐந்து கட்டம் தள்ளி? இந்தத் தொடர்பு எவ்வளவு தூரத்தில் தேய்ந்து மறைகிறது என்று பார்த்தால், கூட்டம் எவ்வளவு அகலம் என்று தெரிந்துவிடும்.

லிக் எண்ணிக்கையில் இரண்டுமே தெளிவாகத் தெரிந்தன. ஆனால் சந்தேகங்களும் கூடவே வந்தன.

ஒன்று, தூசி. நம் பால்வெளியில் திட்டுத் திட்டாக இருக்கும் தூசி மேகங்கள் பின்னால் இருப்பவற்றை மறைக்கும். ஜன்னல் கண்ணாடியில் அழுக்கு இருந்தால், வெளியே தெருவில் ஆள் இல்லை என்று நினைத்துவிடுவோம் அல்லவா? அப்படித்தான். தூசித் திட்டுகளால் பால்வெளியின் வெளிச்சம் எப்படி ஏறி இறங்குகிறது என்ற கணிதத்தை அதே சமயத்தில் நம் சுப்பிரமணியன் சந்திரசேகர், கைடோ முன்ச் என்பவரோடு சேர்ந்து வளர்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு, எண்ணுபவரின் கண். ஆள் மாறினால் எண்ணிக்கை மாறும், களைத்துப்போனாலும் மாறும். நல்ல வேளையாக, பக்கத்துப் பக்கத்துத் தகடுகள் ஓரங்களில் ஒன்றன் மீது ஒன்று படியும்படி எடுக்கப்பட்டிருந்தன. ஒரே இடத்தை இரண்டு முறை எண்ணியதை ஒப்பிட்டுப் பிழையைத் திருத்த முடிந்தது.

மூன்று, ஆழம். தகடு தட்டையானது, பிரபஞ்சம் முப்பரிமாணம். ஒன்றின் பின்னால் ஒன்றாக, பல கோடி ஒளியாண்டு இடைவெளியில் இருக்கும் இரண்டு கேலக்ஸிகள் படத்தில் பக்கத்துப் பக்கத்தில் தெரியலாம். தூரத்தில் இருக்கும் மங்கலானவை படத்தில் விழாமலேயே போகலாம்.

வானத்துக்குப் போன புழுக் கணக்கு

இந்தச் சிக்கலுக்கு நெய்மனும் ஸ்காட்டும் 1952-இல் வைத்த தீர்வைப் பார்த்தால், புழு வயல் ஞாபகம் வரும். அவர்கள் வைத்த அனுமானங்கள் நான்கு.

ஒவ்வொரு கேலக்ஸியும் ஏதோ ஒரு கொத்தைச் சேர்ந்தது. கொத்தின் மையங்கள் வெளியெங்கும் தற்செயலாக விழுந்திருக்கின்றன. ஒரு கொத்தில் எத்தனை உறுப்பினர்கள் என்பதும் தற்செயல். மையத்திலிருந்து அவை எவ்வளவு தள்ளிச் சிதறுகின்றன என்பதற்கு ஒரு நிகழ்தகவு விதி உண்டு.

தாய்ப்பூச்சிக்குப் பதில் கொத்தின் மையம், புழுவுக்குப் பதில் கேலக்ஸி. அவ்வளவுதான் மாற்றம். இந்த முப்பரிமாண வெளியைத் தட்டைத் தகட்டில் படம் பிடித்தால், மங்கலானவை தவறிப்போனால், கட்டங்களில் என்ன எண்ணிக்கை விழும் என்பதை அதன் மேல் கணித்தார்கள். கட்டுரை வந்தது ஆஸ்ட்ரோபிசிகல் ஜர்னலில். அந்த இதழின் ஆசிரியர் பொறுப்பைச் சந்திரசேகர் ஏற்றதும் அதே 1952-இல்தான்.

அடுத்து வந்ததுதான் இன்றைய வாசகருக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்காட்டும் ஷேனும் இன்னொரு சகாவும் சேர்ந்து, 1954-இல் ஒரு போலித் தகட்டைத் தயாரித்தார்கள். கோட்பாடு சொல்கிறபடி, சமவாய்ப்பு எண்களை வைத்துக் கேலக்ஸிகளைத் தூவி ஒரு கற்பனை வானம். பிறகு அதை நிஜத் தகட்டின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். கோட்பாடு சரியென்றால் இரண்டும் ஒரே சாயலில் இருக்க வேண்டும். கணினி யுகம் ஆரம்பித்திருந்த அந்த நாளிலேயே, இன்று நாம் சிமுலேஷன் என்று சொல்வதைச் செய்துவிட்டார்கள்.

எங்கே சரி, எங்கே தவறு?

நெய்மன் - ஸ்காட் மாதிரி ஒரே அளவிலான கொத்துகளை மனதில் வைத்துத்தான் தொடங்கியது. வானம் அதைவிடச் சிக்கலானது. 1958-இல் ஜார்ஜ் ஏபெல் 2,712 கேலக்ஸிக் கொத்துகளைப் பட்டியலிட்டபோது, கொத்துகளே கொத்தாகச் சேர்ந்திருக்கும் அடையாளம் தெரிந்தது. கொத்தின் மையங்கள் தற்செயலாக விழுகின்றன என்ற அனுமானத்துக்கு அது அடி.

1969-இல் ஜப்பானின் டொட்சுஜி, கிஹாரா இருவரும் அதே லிக் எண்ணிக்கையை எடுத்து வேறு கேள்வி கேட்டார்கள். ஒரு கேலக்ஸியிலிருந்து இவ்வளவு தூரத்தில் இன்னொன்று இருக்கும் வாய்ப்பு, தற்செயலைவிட எவ்வளவு அதிகம்? சுமார் 2 கோடி ஒளியாண்டு தூரத்தில் அந்த வாய்ப்பு தற்செயலைப்போல இரண்டு மடங்கு. தூரம் பாதியானால் அந்த அதிகப்படி சுமார் மூன்றரை மடங்காகிறது. இப்படியே சீராக ஏறிக்கொண்டு போகிறது. இதுதான் கொத்தின் அளவு என்று சொல்ல நடுவில் எந்த மேடும் இல்லை. 1970-களில் ஜேம்ஸ் பீபிள்ஸ் குழு இதை விரிவாக உறுதிசெய்தது. பிரபஞ்சவியலுக்காக அவருக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்போ நெய்மன் கணக்கு காலாவதியா? கொஞ்ச காலம் அப்படித்தான் தோன்றியது. 2000-ஐ ஒட்டி அது வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்தது. கேலக்ஸிகள் கரும்பொருள் திரள்களுக்குள் வாழ்கின்றன. திரள்கள் பல அளவுகளில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் எத்தனை கேலக்ஸி என்பதற்கு ஒரு நிகழ்தகவு உண்டு. இன்று 'ஹேலோ மாதிரி' என்று வழங்கும் இந்த முறையின் எலும்புக்கூடு, நெய்மனும் ஸ்காட்டும் 1952-இல் போட்டதுதான். மாறியது இரண்டு விஷயம்: கொத்துகள் ஒரே அளவில் இல்லை, மையங்கள் தற்செயலாக விழுவதும் இல்லை.

அதே கொத்துக் கணக்கு பூமியிலும் வேலை செய்கிறது. மழை எப்படி விட்டு விட்டுப் பெய்கிறது, காட்டில் மரங்கள் எப்படிச் சேர்ந்து வளர்கின்றன என்று கணிக்க, நெய்மன் - ஸ்காட் செயல்முறை என்ற பெயரிலேயே பயன்படுத்துகிறார்கள்.

மனிதராக நெய்மன்

1942-இல் டேவிட் பிளாக்வெல் என்ற கறுப்பினக் கணிதவியலாளரைப் பெர்க்லிக்குக் கொண்டுவர நெய்மன் முயன்றார். நிறவெறி குறுக்கே நின்றது, வேலை கிடைக்கவில்லை. நெய்மன் மறக்கவில்லை. 1950-களின் நடுவில், புள்ளியியல் தனித் துறையாக உருவானபோது பிளாக்வெல் அங்கே பேராசிரியராக இருந்தார்.

ஸ்காட் பின்னாளில் அந்தத் துறைக்கே தலைவரானார். பல்கலைக்கழகங்களில் பெண்களுக்கு எவ்வளவு குறைவாகச் சம்பளம் தரப்படுகிறது என்று அதே புள்ளியியலை வைத்து நிரூபிக்கும் வேலையில் இறங்கினார். தொலைநோக்கிக் கதவை மூடிய உலகத்துக்கு அவர் கொடுத்த பதில் அது.

1968-க்கான அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் நெய்மனுக்குக் கிடைத்தது. ஓய்வு வயதைத் தாண்டியும் ஆய்வகத்துக்கு வந்துகொண்டே இருந்தவர், 1981 ஆகஸ்ட் 5 அன்று தன் 87-வது வயதில் காலமானார்.

அதற்கு 24 ஆண்டுகள் கழித்து, 2005-இல், ஸ்லோன் வான ஆய்வுத் திட்டத்தில் 46,748 கேலக்ஸிகளை வைத்து வானியலாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். சுமார் 50 கோடி ஒளியாண்டு இடைவெளியில் இருக்கும் ஜோடிகள் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகம் என்று தெரிந்தது. பிரபஞ்சம் குழந்தையாக இருந்தபோது அதில் ஓடிய ஒலி அலைகளின் தடம் அது. அந்த அதிகப்படி மிகச் சின்னது. எந்த வானப் படத்தைப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

அடுத்த முறை ஆபீஸ் டேஷ்போர்டில் நாலு புள்ளிகள் ஓரிடத்தில் கூடி நின்றால், உடனே ஒரு காரணத்தைச் சொல்லிவிடாதீர்கள். முதலில் ஒரு பிடி கடுகைத் தூவிப் பாருங்கள். தற்செயலே அப்படி ஒரு கூட்டத்தைக் காட்டுமா என்று தெரிந்துகொண்டு, பிறகு காரணம் தேடலாம். நெய்மன் செய்ததும் அதைத்தான். வயலிலும் சரி, வானத்திலும் சரி.